மார்லிஸ் ஹௌகனின் சுட்டுவிரல்

மார்லிஸ் ஹௌகனுக்கு வலது கையில் நாலு விரல். சுட்டுவிரல் பதினொரு வருஷத்துக்கு முன்னால் எங்கள் மர அறுவை மில்லின் இரண்டாம் நம்பர் ரம்பத்தோடு போய்விட்டது. அதைப் பற்றி அவள் புலம்பியதில்லை. தையல் பிரித்த மறுவாரமே அதே ரம்பத்தின் முன்னால் அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். ஃபிரேசர் ஆற்றின் இந்தக் கரையில் தன்னைவிட வேகமாக மரம் அறுக்க ஆளில்லை என்று தினமும் சொல்வாள். நாங்கள் மறுத்ததில்லை. அது உண்மை, அதோடு அவள் குரல் ரம்பத்தைவிடப் பெரிது.

போன மார்ச்சில் நிர்வாகத்துக்கு எங்கள் பாதுகாப்பின் மேல் திடீரென்று அன்பு பொங்கியது. தலையில் மாட்டிக்கொள்ளும் பெட்டி ஒன்று வந்தது. மாட்டினால் கண்ணெதிரே பொய் ரம்பம், பொய் மரம். பொத்தான் எதுவும் கிடையாது. பெட்டியிலுள்ள கேமரா நம் கையைப் பார்த்துக்கொள்ளும். இடது கை பொய் ரம்பத்தை நிறுத்தும் பிடியிலேயே இருக்க வேண்டும், எடுத்தால் ஃபெயில். வலது சுட்டுவிரலால் காற்றில் தெரியும் வட்டங்களைத் தொட வேண்டும். தேறாதவர்கள் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ரம்பத்தில் உட்கார முடியாது, மரத்தூள் கூட்டலாம்.

விரலை இழக்காமலிருப்பது எப்படி என்று சொல்லித்தர வந்த பெட்டிக்கு, விரலை இழந்தவர்களும் உலகத்தில் உண்டு என்று யாரும் சொல்லி அனுப்பவில்லை.

சாப்பாட்டு அறையில் நாங்கள் சாண்ட்விச்சும் கையுமாக வேடிக்கை பார்க்க, மார்லிஸ் பெட்டியை மாட்டி, விரல் இருந்த இடத்தை நீட்டினாள்.

"கை தெரியவில்லை. கையைக் காட்டவும்" என்றது பெட்டி.

"காட்டிட்டுத்தானே இருக்கேன், குருட்டுப் பொணமே!"

"கை தெரியவில்லை."

சரி என்று அடுத்த விரலை நீட்டினாள். பதினொரு வருஷமாக அவள் எதையும் சுட்டிக்காட்டுவது அந்த விரலால்தான். வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் கோபித்துக்கொள்வார்கள், இரண்டாம் வாரம் பழகிவிடும். நடுவிரலைத் தனியாக நீட்டினால் எங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்பது வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாதவர்கள் நல்ல குடும்பத்தில் பிறந்தவர்கள், அப்படியே இருக்கட்டும்.

பெட்டி நல்ல குடும்பத்தில் பிறந்ததல்ல. "அநாகரிகச் சைகை. பயிற்சி நிறுத்தப்பட்டது" என்று சொல்லி, தானாகவே தலைமை அலுவலகத்துக்குப் புகாரும் அனுப்பிவிட்டது. புதன்கிழமை கடிதம் வந்தது: பாதுகாப்புப் பயிற்சியை இழிவுபடுத்தியதற்கு விளக்கம் தேவை.

மேலாளர் டுவேன் பென்னர் கடிதத்தோடு ஓடி வந்தார். சண்டை வந்தால் சமரசத்துக்கு வழி தேடும் ஜாதி.

"மார்லிஸ், கொஞ்சம் அடக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"எதை அடக்க? தொடுன்னுச்சு, தொட்டேன்."

"அந்த விரலாலயா?"

"இருக்கறதுல அதான் அடுத்தது, டுவேன். முன்னாடி இருந்ததை உன் ரம்பம் தின்னுடுச்சு. அதுகிட்ட போய்க் கேளு."

பென்னர் சட்டைப்பையிலிருந்து ரப்பர் விரல் ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தார். "பரீட்சைக்கு மட்டும் இதை மாட்டிக்கோயேன்."

"பொய் ரம்பத்துக்குப் பொய் விரலா? அப்ப உன் இடத்துலயும் ஒரு பொம்மையை உக்கார வச்சிடலாம். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"சரி, டாக்டர்கிட்ட சீட்டு வாங்கிட்டு வா. பரீட்சையே வேணாம்."

"அப்ப என் நாற்காலி?"

பென்னர் மூலையில் மரத்தூள் கூட்டும் துடைப்பத்தைக் கண்ணால் காட்டினார்.

அன்றைக்கே மார்லிஸ் விளக்கம் எழுதினாள். அதற்கு நானே சாட்சி. 'என் கைக்கு ஒன்றும் இல்லை. உங்கள் பெட்டிக்குத்தான் கண் சரியில்லை. அது என் கையைப் பார்க்கக் கற்றுக்கொள்ளும்வரை நான் எழுந்திருப்பதாக இல்லை.'

எழுந்திருக்கவும் இல்லை. வெள்ளி போய்த் திங்கள் வந்தபோது தெர்மாஸும் மெத்தையுமாக அதே நாற்காலியில் இருந்தாள். பென்னர் ரம்பத்தை நிறுத்திப் பார்த்தார். அந்த நாற்காலியில் உட்காரச் சொல்லி ஒவ்வொருவரையும் கேட்டும் பார்த்தார். எல்லோருக்கும் அன்றைக்கென்று முதுகுவலி. எனக்கும்தான். மூன்று நாள் இரண்டாம் நம்பர் வரிசையில் ஒரு பலகைகூட வெளியே வரவில்லை.

நாலாம் நாள் தலைமை அலுவலகம் பணிந்தது. பெட்டி கற்றுக்கொள்ளும்வரை ஹௌகன் ரம்பத்திலேயே இருக்கலாம். பெட்டி செய்தவர்களும் எழுதியிருந்தார்கள்: இப்படிப்பட்ட கைகளை எங்கள் பெட்டி பார்த்ததே இல்லை, வருந்துகிறோம், மாதிரிகள் அனுப்புங்கள். மேலாளர் பெட்டியை மாட்டிக்கொண்டு நிற்க, சுட்டுவிரல் இல்லாத ஊழியர்கள் எந்த விரலால் சுட்டுவார்களோ அதை அவர் முகத்துக்கு நேரே நீட்ட வேண்டும். ஆளுக்கு நாற்பது தடவை.

பென்னர் சாப்பாட்டு அறையின் நடுவில் பெட்டியோடு நின்றார். மார்லிஸ் அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் மேல தூக்கும்மா, சரியாத் தெரியல" என்றார் பாவம், பெட்டி செய்தவர்கள் அனுப்பிய குறிப்பில் இருந்தபடி.

"இப்பத் தெரியுதா, டுவேன்?"

"நல்லாத் தெரியுது. ஒண்ணு."

எங்கள் மில்லில் சுட்டுவிரல் போனவர்கள் ஏழு பேர். வரிசையில் இருபத்தாறு பேர் நின்றோம்.