ஒரு மூட்டை நெல்லும் இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளும்

நான் போட்ட கணக்கு தப்பு என்று நானே ஒரு நிமிடம் நம்பிவிட்ட நாளைப் பற்றி எழுதுகிறேன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டு, "இந்த டிராயிங் எல்லாம் எங்கே உதவப் போகுது" என்று கேட்கிற பெண்கள் இதைப் படித்தால் சந்தோஷம்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் நார்த்தாமலைப் பக்கம் கல்குவாரியில் வேலை பார்ப்பவர்கள். டிப்ளமா முடித்ததும் புதுக்கோட்டையில் ஸ்பீக்கர் பெட்டி செய்யும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். வீட்டு ஹாலில் வைக்கிற பெரிய பெட்டிகள். பழைய காலத்துப் பாணியில் தேக்கு நிறமும், முன்பக்கம் துணி மூடியும் வைத்துச் செய்வோம். இப்போது அதற்கு மறுபடியும் மவுசு.

முதல் நாளே முதலாளி பாஸ்கர் அண்ணன் சொல்லிவிட்டார். "கம்ப்யூட்டர்ல படம் போடு கலா, வேணாங்கல. ஆனா மரத்தை அறுக்கிறது பொன்னையா அளவுலதான்."

பொன்னையா அண்ணன் எங்கள் தச்சர். அவர் பல வருடமாகச் செய்தது ஒரே அளவு. உயரம் நூறு சென்டிமீட்டர், அகலம் முப்பத்து நான்கு, ஆழம் முப்பத்திரண்டு. பட்டறையில் அதற்குப் பெயர் 'நெட்டை'. மூன்று மாதம் நான் நெட்டையை மட்டுமே திரும்பத் திரும்ப வரைந்துகொண்டிருந்தேன்.

1. டீச்சரின் சன்னல்

நான்காவது மாதம் சூசை சார் வந்தார். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் கிரேன் ஓட்டியவர். ஆவூர்ப் பக்கம் புது வீடு கட்டியிருந்தார். ஹாலை அளக்க நானும் முதலாளியும் போனோம். பெட்டிகள் வைக்க ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அந்தச் சுவர் முழுக்க அகலமான ஒரு சன்னல். தரையிலிருந்து எழுபத்தைந்து சென்டிமீட்டரில் சன்னல் தொடங்கிவிடும். நெட்டையை வைத்தால் இரண்டு பக்கமும் மறைக்கும்.

அவருடைய மனைவி மேரி டீச்சர் அளவு நாடாவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தா பாருங்க, வாடகை வீட்டு இருட்டுலயே பரீட்சைப் பேப்பர் திருத்திக் கண்ணு போச்சு. இந்தச் சன்னல் நான் கேட்டு வச்சது. எவன் பெட்டியும் மறைக்கக் கூடாது."

"எவன் பெட்டியாம்ல," என்றார் சூசை சார். "டீச்சர், சிங்கப்பூர்ல என் சூப்பர்வைசர் வீட்டுல பாத்த நாள்லருந்து ஆசைப்பட்ட பெட்டி. பெருசாத்தான் வேணும்."

"பெருசா வாங்கிக்கங்க. அங்கிட்டு மாட்டுக் கொட்டாயில வைங்க."

அன்று மாலையே ஒரு படம் போட்டேன். உயரம் அறுபத்தெட்டு, அகலம் நாற்பத்து நான்கு, ஆழம் முப்பத்தாறு. சன்னலுக்கு ஏழு சென்டிமீட்டர் கீழேயே நின்றுவிடும். மறுநாள் பட்டறைக்கு வந்த சூசை சாரிடம் காட்டினேன்.

"ஏம் பாப்பா, பெருசு கேட்டா சின்னதைக் காட்டுறியே."

"சின்னது இல்ல சார். பன்னிரண்டு இஞ்ச் வூஃபருக்கு உள்ள எவ்வளவு காத்து இருக்குங்கிறதுதான் முக்கியம். பேஸ் அதுலதான் வரும். பலகை கனத்தைக் கழிச்சுப் பாத்தா நெட்டைக்குள்ள எண்பத்து மூணு லிட்டர். இதுல எண்பத்து நாலு."

"லிட்டரா? நான் என்ன மண்ணெண்ணெய் வாங்கவா வந்தேன்?"

எல்லாரும் சிரித்தார்கள். அவர் போன பிறகு முதலாளி சிரிக்கவில்லை. "கலா, பேப்பர்ல எல்லாம் சரியாத்தான் இருக்கும். அறுத்த பலகையைத் திரும்ப ஒட்ட முடியாது. அவரு வாயால சரின்னு சொன்னா செய்வோம். இல்லன்னா நெட்டைதான். அதுக்குப் படம் போட ஆள் தேவையில்ல, நீ பாலீஷ் செக்‌ஷனுக்குப் போயிரு."

எனக்கு உப்புத்தாள் தேய்ப்பது கேவலம் இல்லை. ஆனால் நான் படித்தது அதற்கு இல்லை.

ராத்திரி முழுக்க யோசிக்கவெல்லாம் இல்லை. பஸ்ஸில் போகும்போதே வழி தோன்றிவிட்டது. காலையில் முதலாளியிடம் கேட்டேன். "என் அளவுல ஒரே ஒரு பெட்டி செஞ்சு தாங்க அண்ணே. சூசை சாரை ஒரு மூட்டை நெல்லோட வரச் சொல்லுங்க. என் பெட்டியில ரொப்புன நெல்லை அப்படியே நெட்டையில கொட்டிப் பாப்போம். பெருக்கல் தெரியாதவங்களுக்கும் புரியும்."

"நல்ல ப்ளைவுட்லயே செய்யி பொன்னையா," என்றார் முதலாளி. "தப்பாப் போனா கோழி அடைக்க ஆகும்."

2. மிஞ்சிய வாளி

சனிக்கிழமை காலை டீச்சரும் வந்துவிட்டார். தார்ப்பாய் விரித்து, இரண்டு பெட்டிகளையும் மல்லாக்கக் கிடத்தினோம். வூஃபர் மாட்டுகிற வட்ட ஓட்டை வழியாக நெல்லைக் கொட்டி, கையை விட்டு மூலை முடுக்கெல்லாம் தள்ளினேன். என் பெட்டி நிறைந்தது; பட்டறையில் அதற்குள் அதற்குக் 'குட்டை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மூட்டையில் மீந்ததை ஓரமாக வைத்தோம். பிறகு குட்டையில் இருந்ததை வாளி வாளியாக அள்ளி நெட்டையில் கொட்டினோம்.

"கடைசியில ஒரு லிட்டர் மிஞ்சும்," என்று சத்தமாகவே சொன்னேன்.

நெட்டை நிறைந்து வழிந்தது. குட்டையில் இன்னும் நெல் கிடந்தது. அள்ளி அளந்தால் ஒன்பதரை லிட்டர்.

சூசை சார் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரு லிட்டர்னியே பாப்பா. இது வாளி முட்ட இருக்கே."

"ஒம் பக்கம்தான் கூட வந்திருக்கு," என்றார் முதலாளி மெதுவாக. "ஆனா கணக்கு தப்புதானே கலா? நாளைக்கு வேற பெட்டிக்கு இதே மாதிரி எதிர்ப்பக்கம் தப்புனா?"

அவர் சொன்னது நியாயம். ஜெயித்தும் எனக்குக் காது சுட்டது. தாளை எடுத்து நின்ற இடத்திலேயே மறுபடி பெருக்கினேன். அதே எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு. பெருக்கலில் தப்பு இல்லை என்றால் பெட்டியில்தான் ஏதோ இருக்கிறது.

நெல்லை வெளியே வாரிவிட்டு நெட்டையை நிமிர்த்தி, மேலிருந்து விரலால் தட்டிக்கொண்டே வந்தேன். டொம், டொம், டொம். அடியிலிருந்து நாலு விரல் உயரத்துக்கு வந்ததும் சத்தம் செத்துப்போனது. டொக்.

"பொன்னையாண்ணே, இதுக்கு அடியில என்ன இருக்கு?"

"மணலு," என்றார் அவர், டீ கிளாஸைக் கீழே வைக்காமலே. "ரெண்டாவது அடிப்பலகை ஒண்ணு போட்டு, நடுவுல மணல் ரொப்பியிருக்கேன். எட்டு சென்டி."

முதலாளி எழுந்துவிட்டார். "எப்பருந்து?"

"ஒரு வீட்டுல சாஞ்சு விழுந்துச்சே, அதுலருந்து. இனிமே விழக் கூடாதுன்னீங்க. விழல."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க கேக்கவே இல்லையே."

"அதானய்யா தூக்குறப்பெல்லாம் இடுப்பு ஒடியுது," என்று முதலாளி தலையில் கை வைத்தார். டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பொன்னையா அண்ணனும் கடைசியில் சிரித்துவிட்டார்.

நான் தாளில் எழுதினேன். மணல் எட்டு, பலகை கனம் ஒன்றே முக்கால் சொச்சம், ஆக ஏறக்குறைய பத்து சென்டிமீட்டர் உயரத்துக்கு இடம் போயிருக்கிறது. அது எட்டரை லிட்டர். நான் சொன்ன ஒரு லிட்டரையும் சேர்த்தால் ஒன்பதரை. வாளியில் இருந்ததும் அதேதான். அந்தத் தாளை முதலாளியிடம் நீட்டினேன். அவர் இரண்டு முறை படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சூசை சார் குட்டையின் மேல் உள்ளங்கையை வைத்தார். "அப்ப இதுதான் பெருசு."

"ஒன்பதரை லிட்டர் பெருசு சார்."

"சன்னலுக்குக் கீழயா?" என்றார் டீச்சர்.

"ஏழு சென்டிமீட்டர் கீழ, டீச்சர்."

"அப்ப ரெண்டா செய்யச் சொல்லுங்க," என்றார் டீச்சர், சூசை சாரிடம்.

"கோழிக்கு வேற பாத்துக்கலாம்," என்றார் முதலாளி.

3. சரசர

ஜோடி சேர்த்து, வார்னிஷ் அடித்து, ஆவூருக்குக் கொண்டுபோனோம். வெயில் சன்னல் வழியாக ஹால் முழுக்க விழுந்திருந்தது. பாட்டைப் போட்டதும் பேஸ் தரையில் இறங்கியது. சூசை சார் கண்ணை மூடிக்கொண்டார். உடனே திறந்தார். இடது பெட்டிக்குள் சரசரவென்று ஒரு சத்தம். முதலாளி முகம் வெளுத்துப்போனது.

எனக்குப் புரிந்துவிட்டது. இடது பெட்டிதான் நெல் அளந்த பெட்டி. வூஃபரைக் கழற்றிக் கையை விட்டேன். மூலையில் ஒரு கைப்பிடி நெல்.

"ஏங்க, நம்ம நெல்லுதான்," என்றார் டீச்சர். "ஒங்க பாட்டுக்குக் குதிக்குது."

அதற்குப் பிறகு சத்தம் சுத்தமாக வந்தது. அன்று டீச்சர் எங்களைச் சாப்பிடாமல் அனுப்பவில்லை.

நான் கற்றது இதுதான். வெளியே அளந்து, பலகை கனத்தைக் கழித்துவிட்டால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். நாடாவை உள்ளே விட்டு ஒரு முறை பார்க்கவில்லை; செய்தவரை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. இப்போது எங்கள் பட்டறையில் ஒவ்வொரு படத்திலும் வெளியளவு, உள்ளளவு இரண்டும் இருக்கும். கீழே என் கையெழுத்தும் பொன்னையா அண்ணன் கையெழுத்தும் இருக்கும். நான் பாலீஷ் செக்‌ஷனுக்குப் போகவில்லை.

சூசை சார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்தப் பெட்டியைத் தட்டிக் காட்டி, நெல் அளந்த கதையைச் சொல்கிறாராம். அதனால் ஆவூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் யாரும் எங்களிடம் எத்தனை அடி உயரம் என்று கேட்பதில்லை. "எத்தனை மரக்கா நெல்லு பிடிக்கும்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் நாடாவை உள்ளே விட்டு அளந்துவிட்டு, அப்புறம் பதில் சொல்கிறேன்.