மணமகள் அறையில் ஒரு அமர்வு

ஆடி மாதத்தில் கல்யாண மண்டபங்கள் தூங்கும். அப்படித் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றை, சிதம்பரம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக எழுப்பினோம். இரண்டாயிரத்து ஒன்பதாக இருக்கலாம், பத்தாகவும் இருக்கலாம். வலைப்பூ எழுதுகிறவர்கள், கணினியில் தமிழைத் தட்டிப் பழகுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கப் பிடிக்காதவர்கள் என எல்லாருக்கும் பொதுவான கூட்டம் அது. மேடை கிடையாது, தலைமை கிடையாது, பொன்னாடை கிடையாது. பேச விஷயம் இருக்கிறவர் அதை ஒரு சீட்டில் எழுதி வாசல் பலகையில் ஒட்டலாம். கேட்க விருப்பமிருப்பவர் அந்த அறைக்குப் போகலாம். பிடிக்கவில்லையா, நடுவிலேயே எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. பெங்களூரில் இப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த என் அக்கா மகன்தான் இங்கும் ஏற்பாடு செய்தவன். உள்ளூர்க் கல்லூரியில் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறான்.

"மாமா, சும்மா நிக்காத. நீயும் ஒரு சீட்டு ஒட்டு," என்றான்.

ஒட்டினேன். 'ஊரின் வாசனையை எழுதுவது எப்படி?' எனக்குக் கிடைத்தது மணமகள் அறை.

சுவர் முழுக்கக் கண்ணாடி. அதன் ஓரமெல்லாம் யார் யாரோ மணப்பெண்கள் நெற்றியிலிருந்து எடுத்து ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள். சிவப்பும் கறுப்பும் மெரூனுமாக, கல்யாணத்துக்கு முந்தைய கடைசிப் படபடப்பை எல்லாம் அங்கே கழற்றி வைத்துவிட்டுப் போனதுபோல. பாய் விரித்து உட்கார்ந்தோம். மாப்பிள்ளை அறையில் தட்டச்சு வகுப்பு நடந்தது.

எழுந்து போகலாம் என்ற விதி நம் ஊரில் படுகிற பாட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். எழுந்தவர் நேராகக் கதவுக்குப் போகமாட்டார். பேசுகிறவரிடம் வந்து குனிந்து, "வரேங்க, தப்பா எடுத்துக்காதீங்க, அந்த ரூம்ல மச்சான் பேசறான், தலையக் காட்டலைன்னா கோச்சுக்குவான்" என்று காரணம் சொல்லி, நான் "போயிட்டு வாங்க" என்று தலையாட்டிய பிறகுதான் கால் நகரும். நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு பேரை வழியனுப்பினேன்.

பேச்சைத் தொடங்கவென்று என் வலைப்பூவிலிருந்து பழைய உரைநடைக் கவிதை ஒன்றை வாசித்தேன். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குப் போய்வருகிறவன் நான். வழியில் ரசாயனத் தொழிற்பேட்டை. செம்மங்குப்பம் வந்தால், யாரும் சொல்லாமலே, பேருந்து முழுக்கக் கைகள் மூக்குக்கு ஏறும். கைக்குட்டை, முந்தானை, துண்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் டை. அந்த ஒரு கணத்தைப் பிடிக்க, ஊர்ப் பெயரையே தலைப்பாக்கி எழுதியது. அதில் இரண்டு வரிகள்: 'இந்த ஊரில் வீடுகளுக்கு ஜன்னல்கள் இல்லை. இங்கே பிறக்கும் குழந்தைகள் மூச்சை எண்ணிச் செலவழிக்கிறார்கள்.'

வாசித்து முடித்ததும் பின்னாலிருந்து ஓர் இளைஞன் எழுந்தான்.

"போயிட்டு வாங்க," என்றேன், பழக்கத்தில்.

"போறதுக்கு எழுந்திருக்கல சார். எங்க வீட்ல ஜன்னல் இருக்கு."

"எந்த ஊர் தம்பி?"

"நீங்க இப்ப படிச்சீங்களே, அதே ஊருதான்."

சிரிக்கத் தொடங்கியவர்கள் நிறுத்தினார்கள். அவன் ஒரு தனியார் பள்ளியில் கணினி ஆசிரியர். அவனுக்குக் காடாம்புலியூரில் பெண் பார்த்திருந்தார்கள். ஜாதகம் பொருந்தியது, இரண்டு பக்கமும் பிடித்துப்போனது. சென்னையில் வேலை பார்க்கும் பெண்ணின் அண்ணன், மாப்பிள்ளையின் ஊர் எப்படி என்று பார்க்க, ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டி நெட்டில் தேடியிருக்கிறார்.

"உங்க கவித மட்டுந்தான் சார் வந்துது. வேற எதுவுமே வரல. மூச்ச எண்ணிச் செலவு பண்ற ஊருக்கு என் தங்கச்சிய அனுப்ப மாட்டேன்னுட்டாராம். ஆடி பொறந்ததால பேச்சு அப்டியே நிக்குது. ஆவணி வந்தா வேற எடம் பாத்துடுவாங்க. அதுக்குள்ள அத அழிச்சுடுங்க சார்."

முன்னால் ஓர் அக்கா இருந்தார். கடலூர் முதுநகர்; சமையல் குறிப்பு எழுதுகிறவர். "பொண்ணு என்னா சொல்லுது?" என்றார்.

"தெரியலீங்க. அவுங்களோட நான் பேசுனதே இல்ல. பாக்கப் போனப்ப ஒரு தடவ பாத்ததுதான்."

"ஒரு தடவ பாத்ததுக்கே பஸ் ஏறி வந்து பஞ்சாயத்து வெக்கிறியே தம்பி!"

கண்ணாடியில் அவன் காது சிவந்தது தெரிந்தது. அக்கா விடவில்லை. "சரி, அழிச்சுட்டா நாத்தம் போயிடுமா?"

"நாத்தம் போவாதுங்க. ஆனா பொண்ணு வரும்ல?"

சிரிப்புச் சத்தம் கேட்டு மாப்பிள்ளை அறை காலியாகி இங்கே நிறைந்தது. அதற்குப் பிறகு யாரும் என்னிடம் விடைபெற வரவில்லை.

அழிக்கக் கூடாது என்றார் அக்கா. "அழிச்சா கம்பெனிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம். எழுதுனதே ஒரே ஒருத்தர், அதுவும் போச்சுன்னா?" ஒரு கல்யாணத்தைவிடக் கவிதை பெரிதா என்றான் என் அக்கா மகன். உண்மையை எழுதினால் அது எல்லாருக்கும் நல்லதாகத்தான் முடியும் என்று அதுவரை நம்பி வந்தவன் நான். ஓர் ஊரைப் பற்றி உலகத்துக்குத் தெரிவதெல்லாம் நான் எழுதிய ஒன்றரைப் பக்கம்தான் என்பது, பெரிய வாசகர் கூட்டம் கிடைத்ததைவிட அதிகமாகப் பயமுறுத்தியது.

அவன் குரல் இறங்கியது. "நாத்தம் இல்லன்னு நான் சொல்ல வரல சார். எங்கம்மா முந்தானைய மூக்குல வெச்சுகிட்டேதான் சமைப்பாங்க. அத எழுதுங்க, ஜாஸ்தியாவே எழுதுங்க. ஜன்னல் இல்லன்னு எதுக்கு எழுதுனீங்க? எங்க ஊர்ல எறங்கியிருக்கீங்களா?"

இறங்கியதில்லை. ஓடுகிற பேருந்திலிருந்து பார்த்தால் சாலைப் பக்கத்துச் சுவர்கள் தெரியும்; சுவர்களைப் பார்த்து ஜன்னல்களைத் தீர்மானித்தேன். அந்த வாக்கியத்தின் ஓசைக்கு ஜன்னல் இல்லாத வீடு தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டேன். எதிரே கண்ணாடியில் நானே உட்கார்ந்திருந்தேன், நெற்றிக்கு நேராக யாரோ ஒட்டிய ஒரு மெரூன் பொட்டோடு.

"கெழக்கு ஜன்னல கல்லு வெச்சு அடச்சுட்டேன் சார். கடல்காத்து ஏறுனா கம்பெனி நாத்தம் அந்தப் பக்கத்துலேந்துதான் வரும். மேக்குப் பக்கம் புதுசா ஒண்ணு தொறந்திருக்கேன். இந்த ஆடில வந்து பாருங்க, மேல்காத்து எல்லாத்தையும் ஆத்துப் பக்கம் தள்ளிடும், ஒண்ணுமே தெரியாது. ஆனா ஆடில எவன் மாப்ள வீடு பாக்க வருவான்? காத்து நல்லா இருக்குற மாசத்துல வரமாட்டாங்க, வர்ற மாசத்துல காத்து நல்லா இருக்காது. எங்க ஊர்ல பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்கன்னா நல்ல நேரத்தோட காத்தும் பாப்பாங்க."

அமர்வின் கடைசியில் எல்லாரையும் அவரவர் ஊர் வாசனையை எழுதச் சொல்வதாக எண்ணியிருந்தேன். "இப்ப சொன்னதையே எழுதேன்," என்றேன்.

"நான் எழுத்தாளர் இல்ல சார்."

"நான் மட்டும் யாராம்?" என்றார் அக்கா. "ரசத்துக்கே பத்து வரி எழுதறேன். உக்காரு தம்பி."

என் அக்கா மகன் மடிக்கணினியைக் கொண்டுவந்தான். மணப்பெண்ணுக்குப் போடும் நாற்காலியில் உட்கார்ந்து, மாப்பிள்ளை அறையில் தட்டச்சு படித்துவிட்டு வந்தவர்கள் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அவன் தட்டினான். நாற்றத்தை மறைக்கவில்லை. அம்மாவின் முந்தானையை எழுதினான். அடைத்த ஜன்னலை, திறந்த ஜன்னலை, காற்று மாறுகிற மாதங்களை எழுதினான். என் வலைப்பூவிலேயே கவிதைக்குக் கீழே அதைப் போட்டோம்.

"ஜன்னல் வரிய எடுத்துடறேன்," என்றேன்.

"வேணாம் சார், இருக்கட்டும். அத எடுத்துட்டா நான் யாருக்குப் பதில் சொல்றேன்னே தெரியாது."

கொஞ்ச நாளில் அதன் கீழே பெயரில்லாமல் ஒரு பின்னூட்டம் வந்தது. 'மேற்கு ஜன்னல் தெருவைப் பார்த்ததா, கொல்லையைப் பார்த்ததா?' அவ்வளவுதான். அவனுக்கு போன் செய்து படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

"யாரு சார் அது?"

"எனக்கெப்படித் தெரியும்? நீயே பதில் போடு."

போட்டான். 'கொல்லையை. ஒரு முருங்கை மரம் இருக்கிறது. அதற்கப்பால் வயல்.' அதற்கு மறுமொழி இல்லை.

ஆவணியில் ஒரு மத்தியானம், அலுவலகத்தில் இருந்தபோது அவனிடமிருந்து அழைப்பு. குரலைத் தாழ்த்திப் பேசினான்.

"சார், சொல்லாம கொள்ளாம வந்துட்டாங்க. அண்ணன்காரரும் அவுங்க அம்மாவும்."

"காத்து?"

"கடல்காத்து சார். நேரா அடிக்குது. வேணும்னே நேரம் பாத்து வந்திருக்காங்க. அண்ணன்காரரு கர்ச்சீப்ப மூக்குல வெச்சுகிட்டு வீட்டச் சுத்திப் பாத்தாரு. மேக்கு ஜன்னலண்ட போய் ரொம்ப நேரம் நின்னாரு. கர்ச்சீப்ப எடுத்தாரு. திரும்ப வெச்சாரு. அவுங்க அம்மா காதுல என்னமோ சொன்னாரு. எங்கம்மா சாப்ட்டுட்டுப் போங்கன்றாங்க."

பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். அங்கே பாத்திரம் உரசும் சத்தம் கேட்டது. யாரோ அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள்.

"சார், எலை போடச் சொல்றாங்க. ரெண்டு பேரும் உக்காந்துட்டாங்க. தண்ணி வெக்கணும்..."

போன் நின்றுவிட்டது. வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. எங்கள் கூட்டத்தின் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் அவன் ஒருவன்தான்.