ஒட்டிக்கொண்ட வளையம்

என் வீட்டுக்காரர் தொழிலில் கெட்டிக்காரர். கார் தெருமுனை திரும்பும்போதே சத்தத்தை வைத்துக் கோளாறைச் சொல்லிவிடுவார். ஆனால் தன் கையும் தப்பு செய்யும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவே தோன்றாது. சாப்பாட்டில் உப்பு கூடினால் என்மேல் பாய்வார், அன்று சமைத்தது அவராகவே இருந்தாலும்.

பட்டறையில் அவருக்கு ஒரே துணை அவருடைய தம்பி. இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பனான பிறகும் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசாதவர்.

ஆயில் மாற்றிக்கொண்டு போன டீச்சரம்மாவின் பழைய கார் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. நிறுத்துகிற இடமெல்லாம் ஆயில் சொட்டுகிறதாம். கொழுந்தனார் அடியில் படுத்துப் பார்த்தார். எழுந்து வந்து, அண்ணனைக் கொஞ்சம் தள்ளி வரும்படி கூப்பிட்டார். இவர் நகரவில்லை. ஆயில் இறக்கும் போல்ட்டை முடுக்கியது தம்பிதான் என்பது இவருக்குப் போதுமானதாக இருந்தது.

"ஒரு போல்ட்ட ஒழுங்கா முடுக்கத் தெரியல. உன்ன நம்பி எவன் வண்டிய விடுவான்?"

டீச்சரம்மா தரையைப் பார்த்தார். கொழுந்தனார் முகம் சுண்டிப்போய்விட்டது. கையைத் துடைத்துக்கொண்டு போனவர் மறுநாள் வேலைக்கு வரவில்லை. வேறு பட்டறையில் சேரப்போகிறார் என்று ஓரகத்தி சொல்லியனுப்பினாள்.

இவர் போல்ட்டை இறுக்கினார், புது வாஷர் போட்டார். சொட்டு நிற்கிற வழியாக இல்லை. கடைசியில் இன்ஜினைக் கழுவித் துடைத்து, என் முகப்பவுடர் டப்பாவைக் கொண்டுபோய் அடிப்பக்கமெல்லாம் தூவி, ஓடவிட்டார். எங்கே கசிகிறதோ அங்கே பவுடர் முதலில் நனையும். நான் பார்த்துப் பார்த்துப் பூசுகிற பவுடர். வயிற்றெரிச்சலோடு பக்கத்தில் நின்றேன்.

போல்ட்டுக்கு மேலே, ஆயில் ஃபில்டரின் விளிம்புதான் முதலில் நனைந்தது. அங்கிருந்து வழிந்து போல்ட்டில் சொட்டியிருக்கிறது. ஃபில்டரைக் கழற்றினார். பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிய்க்காமல் புதியதை மாட்டினால் ஒழுகத்தான் செய்யும். மாட்டியவர் இவர்.

வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அவரைப் பார்க்க எனக்கே வெட்கமாக இருந்தது.

"டீச்சர்கிட்ட சரியாயிடுச்சுன்னு சொன்னா போதும்ல?"

"டீச்சருக்குப் போதும்," என்றேன்.

சட்டைகூட மாற்றாமல் தம்பி வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். வாசலிலேயே நின்று வளையத்தை நீட்டினார். கொழுந்தனார் அதை வாங்கிப் பார்த்தார். ஆச்சரியப்படவில்லை.

"அன்னைக்கு அடியில படுத்தப்பவே ஃபில்டர்னு தெரிஞ்சுதுண்ணே."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"டீச்சர் முன்னாடி உங்கள எப்படிண்ணே சொல்றது? அதான் தள்ளி வாங்கன்னு கூப்பிட்டேன்."

என் வீட்டுக்காரர் தலை குனிந்தார். நிமிர்ந்தபோது கண் கலங்கியிருந்தது.

"நாளைக்கு அந்தம்மா வண்டி எடுக்க வருவாங்க. நீ வந்து பக்கத்துல நில்லு. அவங்க முன்னாடியே சொல்றேன்."