அழிக்கத் தெரியாத முருகானந்தம்

மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் முருகானந்தத்தின் கடையில் இரண்டு வேலை நடக்கும். கல்யாண வீடியோ எடுப்பது ஒன்று, செல்போன் கார்டில் பாட்டு ஏற்றித் தருவது இன்னொன்று. மலைக்கு டவர் வந்த பிறகு இரண்டாவது வேலைதான் அடுப்பை எரிய வைத்தது. ஆள் தங்கமானவன், வேலையும் சுத்தம். ஒரே ஒரு கோளாறு அவனிடம் உண்டு. எதையும் அழிக்க மாட்டான்.

யாராவது கார்டை நீட்டி, "பழசையெல்லாம் தூக்கிப் போட்டுட்டுப் புதுப் பாட்டா ஏத்துங்க" என்றால் தலையாட்டுவான். அழிப்பதற்கு முன்னால் கார்டில் இருப்பதையெல்லாம் தன் கம்ப்யூட்டரில் ஒரு காப்பி எடுத்துக்கொள்வான். கேட்டுச் செய்வதில்லை. கேட்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதும் இல்லை. இப்படிச் சேர்ந்ததில் யார் வீட்டுக் கன்றுக்குட்டியோ துள்ளிக்கொண்டிருந்தது, எவர் பிள்ளை என்றே தெரியாத ஒரு கைக்குழந்தை கொட்டாவி விட்டது. பழைய கல்யாண வீடியோக்களையும் கேசட்டிலிருந்து சிடிக்கும் சிடியிலிருந்து கம்ப்யூட்டருக்கும் மாற்றி வைத்திருந்தான். எல்லாம் 'பழசு' என்ற ஒரே ஃபோல்டரில் கிடந்தன.

அது போதாதென்று நாமக்கல் போகும்போதெல்லாம் பிரௌசிங் சென்டரில் அரை நாள் உட்கார்ந்து, யாரும் கேட்காத பழைய பாட்டுகளாகத் தேடி டவுன்லோடு பண்ணுவான். சிடியில் எழுதி, எழுபது கொண்டை ஊசி வளைவுக்கும் அதை மடியை விட்டு இறக்காமல் கொண்டுவருவான். கொண்டுவந்து கேட்பானா என்றால் அதுவும் இல்லை.

"பாட்டுக் கேக்கற நேரத்தவிட அதக் காப்பாத்தற நேரந்தான் உங்களுக்கு அதிகமுங்க" என்பாள் அவன் மனைவி ராதிகா.

"இருந்துட்டுப் போகட்டும். சோறா கேக்குது?"

அவன் பிறவியிலேயே இப்படியில்லை. தொண்ணூற்றேழில் சேந்தமங்கலத்து வீடியோக்காரர் ஒருவருக்கு பேட்டரி தூக்கப் போனவன், இரண்டு வருஷத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு மலைக்குத் திரும்பினான். தம்பி அப்பாசாமியை லைட் பிடிக்கச் சேர்த்துக்கொண்டான். அந்தக் காலத்தில் கேசட்டைக் காப்பாற்றும் பேச்சே கிடையாது. கல்யாண வீட்டுக்கு ஒரு காப்பி போட்டுக் கொடுத்தால், அசல் கேசட்டின் மேலேயே அடுத்த கல்யாணத்தைப் பதிவு செய்வான். தம்பி தப்பித்தவறி படத்துக்குள் வந்துவிட்டால் அந்த இடத்தை வெட்டி எறிவான். லைட் பிடிக்கிறவன் படத்தில் தெரிந்தால் தொழில் தெரியாதவன் என்று ஊர் சிரிக்கும் என்பது அவன் கட்சி.

இரண்டாயிரத்து மூன்றில் மிளகு பறிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறிய அப்பாசாமி ஏணி சறுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வளைவு வளைவாக இறங்கிக்கொண்டிருந்தபோதே உயிர் போய்விட்டது. கருமாதிக்கு மாலை போட ஒரு படம் தேடினார்கள். பள்ளிக்கூடக் குரூப் போட்டோவில் மிளகு அளவுக்கு ஒரு முகம், அவ்வளவுதான் கிடைத்தது. நாலு வருஷமாக மலையில் நடந்த கல்யாணத்துக்கெல்லாம் வெளிச்சம் பிடித்த பிள்ளைக்கு ஒரு படம் இல்லை. முருகானந்தம் இருந்த கேசட்டையெல்லாம் ஓட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் மலை ஈரத்தில் பூஞ்சை பிடித்திருந்தது. மீதியில் அவன் கையே தம்பியை வெட்டியிருந்தது.

கடைசியில் வளப்பூர் நாட்டு ஊர் ஒன்றில் நடந்த கல்யாணத்தின் சிடியில் பதினோரு நொடி கிடைத்தது. அவசரத்தில் வெட்டாமல் விட்டது. மணப்பெண்ணின் மாலை லைட் ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ள, அதை எடுத்துவிட அப்பாசாமி குனிந்து வருகிறான், ஏதோ சொல்கிறான், பெண்ணும் அவனும் சிரிக்கிறார்கள், விலகிப் போகிறான். அன்றிலிருந்துதான் முருகானந்தத்துக்கு எதையும் அழிக்கக் கை வராமல் போயிற்று.

இரண்டாயிரத்து எட்டில் ஒரு தப்புச் செய்தான். பெரிய கார்டு வைத்திருந்தவர்களுக்கெல்லாம் இடம் மிச்சமாகக் கிடக்கிறதே என்று 'பழசு' ஃபோல்டரிலிருந்து கொள்கிற வரைக்கும் சும்மா ஏற்றிக் கொடுத்தான். ஜனங்களுக்கும் அது பிடித்திருந்தது. பந்தியில் தாங்கள் சாப்பிடுவதைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்து, காலைப் பஸ்ஸில் ஒரு பெண் வந்து இறங்கினாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. ஒரு மெமரி கார்டை மேஜைமேல் வைத்தாள்.

"ஏனுங்கண்ணா, எங்க ஊட்டுக்காரருக்கு இதுல என்னத்த ஏத்திக் குடுத்தீங்க?"

"யாரு அம்மிணி உங்க ஊட்டுக்காரரு?"

"வாழவந்தி நாட்டுச் சின்னுசாமிங்க. நான் கண்ணாயி."

பெயரைக் கேட்டதும் அவள் முகத்தை மறுபடி உற்றுப் பார்த்தான். அந்தப் பதினோரு நொடி மணப்பெண்ணின் பெயர் அதுதான். நேரில் பார்த்து ஏழு வருஷமாகியிருந்தது.

"மூணு நாளா அவரு எங்கிட்டப் பேசலீங்க. சோத்தப் போட்டாத் திங்கறாரு, காட்டுக்குப் போறாரு. நேத்துத்தான் வாயத் தொறந்தாரு, உன்ற பழைய கல்யாணத்தப் பாத்தேன்னு." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஊர்க் கவுண்டர் முன்னால துரும்பக் கிள்ளிப் போட்டு ஆறு வருசமாச்சுங்க. பரிசமும் திருப்பியாச்சு. ஊரே அதோட உட்டுருச்சு. உங்க பொட்டிக்குள்ள மட்டும் நான் இன்னும் அந்த மொதப் புருசங்கூட மாலையோட உக்காந்திருக்கேன்."

முருகானந்தத்தின் முகம் செத்துப்போனது. துரும்பைக் கிள்ளிப் போட்டால் அந்தக் கல்யாணம் தீர்ந்தது, பிறகு அதைக் கிளறுகிறவன்தான் குற்றவாளி. இது அவனுக்கும் தெரிந்த முறைதான். தன்னையறியாமல் அவனே அந்தக் குற்றவாளி ஆகிவிட்டான்.

"அழிச்சுப் போடறேன் அம்மிணி" என்றான். வாய் சொல்லிவிட்டது, மவுஸ் மேலிருந்த கை நகரவில்லை. தேட வேண்டும், நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பிவிடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதற்கு அவனுக்கே வெட்கமாக இருந்தது. ஃபைலைத் திறந்தான். சரியாக அந்த இடத்துக்குத் தள்ளினான்.

கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்ற ஆசை. அப்பாசாமி வந்தான், வாய் அசைந்தது, சிரித்தான். பேச்சு கேட்காது. கல்யாண வீடியோ என்றால் ஒலியை எடுத்துவிட்டு சினிமாப் பாட்டுப் போடுவதுதான் வழக்கம், அந்தப் பாட்டைப் போட்டதும் அவனேதான். தம்பி என்ன சொல்கிறான் என்று உதட்டையே நூறு தடவை பார்த்திருக்கிறான், ஒன்றும் பிடிபட்டதில்லை.

"இது லைட்டுப் புடிச்ச பையனில்லீங்க?" என்றாள் கண்ணாயி.

"எந்தம்பி. மரத்துலருந்து உழுந்து போயிட்டான். அவன் மொகம் தெரியற படம்னு இருக்கறது இது ஒண்ணுதான்."

கண்ணாயி திரைக்குப் பக்கமாக வந்து குனிந்து பார்த்தாள்.

"இத மட்டும் வெட்டி வெச்சுக்கட்டுமா அம்மிணி? யாருக்கும் குடுக்க மாட்டேன். ஆனா உன்ன உட்டுட்டு அவன மட்டும் வெட்ட வராது, ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் இருக்கீங்க."

கண்ணாயி தரையைப் பார்த்தாள். "உங்க இஷ்டமுங்க" என்றாள்.

முருகானந்தம் இந்த வார்த்தையை எத்தனையோ மணப்பெண்களிடம் கேட்டிருக்கிறான். இப்படித் திரும்பு, அப்படிச் சிரி என்று சொல்லும்போதெல்லாம் அவர்கள் அதைத்தான் சொல்வார்கள். சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையைப் பார்ப்பான். சம்மதம் அப்படி இருக்காது என்பது இன்றைக்குத்தான் உறைத்தது. அவள் வேண்டாம் என்கிறாள், செத்துப்போனவனை முன்னால் நிறுத்திக் கேட்டதால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

அழித்தான். ஃபைல் ரீசைக்கிள் பின்னுக்குள் போய் உட்கார்ந்தது. அவள் போன பிறகு ஒரு தட்டுத் தட்டினால் திரும்ப வந்துவிடும், அவளுக்கு அது தெரியப்போவதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் காலி செய்தான். அலமாரியிலிருந்த சிடியை எடுத்து அவள் கண்ணெதிரே இரண்டாக உடைத்தான். அவள் கொண்டுவந்த கார்டையும் துடைத்துக் கொடுத்தான்.

"இந்தக் கல்யாணத்த இன்னும் ரெண்டு மூணு பேருக்கு ஏத்திக் குடுத்திருக்கேன் அம்மிணி. ஊடு தேடிப் போயி அழிச்சுட்டு வாரேன். என்ற தப்புத்தான்."

"செரிங்கண்ணா."

வெளியே வாழவந்தி பஸ் ஹாரன் அடித்தது. முருகானந்தம் உடைந்த சிடித் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை புதைத்தவனை இன்று மறுபடி புதைத்த மாதிரி இருந்தது. வாசல் வரை போன கண்ணாயி நின்றாள்.

"அன்னைக்கு உங்க தம்பி என்ன சொல்லுச்சுன்னு தெரியுமுங்களா?"

அவன் நிமிர்ந்தான். இந்த உலகத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் இவள்தான் என்பது இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தோன்றவே இல்லை.

"மால மாட்டிக்கிச்சே, எல்லாரும் பாக்கற படத்துல இது வந்துருமேன்னு எனக்கு ஒரே கூச்சமுங்க. அதுக்குத்தான் அந்தப் பையன் சொல்லுச்சு, 'பயப்படாத புள்ள, நான் உள்ள வந்த எடத்தையெல்லாம் எங்கண்ணன் வெட்டிப் போடுவான், ஒருத்தருக்கும் தெரியாது'ன்னு. அதக் கேட்டுத்தான் நான் சிரிச்சது."

முருகானந்தம் அழுதுவிட்டான். பஸ் இரண்டாவது ஹாரன் அடித்துக் கிளம்பியது.

"இன்னொரு வாட்டி சொல்லு கண்ணு" என்றான். "அவன் எப்படிச் சொன்னானோ அப்படியே."

கண்ணாயி பஸ்ஸை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். மாலையை எடுத்துவிடுகிறவன்போல் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டு, அதே வேகத்தில், முதலிலிருந்து சொன்னாள்.