பாலம் இல்லாத மழைக்காலம்

துருப்பிடித்த இரும்பு மழையில் நனைந்தால் ஒரு வாடை எழும். ஆணியை நாக்கில் வைத்தது போன்ற, கொஞ்சம் ரத்தம் கலந்தது போன்ற வாடை. பதுளையில் நான் படிக்க வந்த முதல் வருடம் எனக்கு அந்த வாடையாகத்தான் நினைவிருக்கிறது. ஓயா என்று நாங்கள் சொல்லும் ஆற்றின் மேலிருந்த பழைய பாலத்தைக் கழற்றி, அதன் துண்டுகளை எங்கள் சந்து முனையில் குவித்து வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் போகும்போதும் வரும்போதும் பாவாடையில் துரு படாமல் ஒதுங்கித்தான் நடப்பேன். அப்படியும் வீட்டுக்கு வந்து பார்த்தால் எங்காவது ஒரு பழுப்புக் கறை இருக்கும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பசறைக்கும் அப்பால், நமுனுகுல மலைச் சரிவில் இருந்தது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லாததால், அப்பா என்னைப் பதுளையில் இருந்த தன் தங்கையிடம் கொண்டுவந்து விட்டார். அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. பஜாரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். காலையில் போனால் இருட்டும் நேரத்தில்தான் வருவார். நல்ல மனுஷி, ஆனால் பேச்சு குறைவு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவைத் திறந்து, அந்த ஒற்றை அறையில் நானும் சுவரில் தொங்கிய மாதா படமும் மட்டும் இருந்த சாயங்காலங்கள் எனக்குப் பழக வெகுநாள் ஆயிற்று. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டிய தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவளுக்குப் பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்காத அமைதி என்பது காய்ச்சலைப் போன்றது.

அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகப் பேச்சு. வரவும் செய்தார். கோயில் முடிந்து நாங்கள் வீட்டுக்கு வரும்போது வாசலில் உட்கார்ந்திருப்பார்; ரொட்டியும் சம்பலும் பொட்டலத்தில் இன்னும் சூடாக இருக்கும். அப்போது அம்மா மாசமாக இருந்தார். "உனக்குத் துணைக்கு ஒருத்தர கூட்டிட்டு வரப் போறேன்" என்று வயிற்றின் மேல் என் கையை எடுத்து வைப்பார். அதற்காகவே நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

அப்புறம் பாலத்தை மூடினார்கள்.

அது வெள்ளைக்காரன் காலத்துப் பாலம். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். தேயிலைப் பெட்டி ஏற்றிய லொறி ஏறினால் பலகைகள் எல்லாம் கூடச் சேர்ந்து நடுங்கும். பழைய பாலம் இருந்த இடத்திலேயே புதியதைக் கட்ட வேண்டியிருந்ததால் வண்டிகளுக்கு வேறு வழி விடவில்லை. லொறிகள் நமுனுகுல மலையைச் சுற்றிக்கொண்டு போயின. பஸ்கள் இரண்டு கரையிலும் நின்றுவிட, சனங்கள் இந்தக் கரையில் இறங்கி, ஆற்றுக்குக் குறுக்கே பலகை அடித்துப் போட்டிருந்த "தட்டுப்பாலத்தில்" நடந்து, அந்தக் கரையில் வேறு பஸ் ஏற வேண்டியிருந்தது. ஊரில் அதற்கு "எறங்கி ஏறுறது" என்றே பெயர் வந்துவிட்டது. கல்யாணப் பெண் ஒருத்தி கூறைப் புடவையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு அதில் நடந்துபோனதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு ஆண்கள் ஓர் அலுமாரியைத் தூக்கிக்கொண்டு பாதி வழி வந்து, எதிரே வந்த ஆட்டுக்கு வழிவிட முடியாமல் நின்று சண்டை பிடித்ததையும் பார்த்திருக்கிறேன். பஜாரில் எந்நேரமும் ஹோன் சத்தம். எல்லோரும் எல்லோரையும் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

மழைக்காலம் வரைக்கும் அம்மா அந்தத் தட்டுப்பாலத்தில் மெதுவாக நடந்து வந்துகொண்டுதான் இருந்தார். மழை பிடித்ததும் ஓயா செம்மண் நிறத்தில் பொங்கி, பலகைகளைத் தொட்டுக்கொண்டு ஓடத் தொடங்கியது. இரண்டு பக்கமும் கயிறு கட்டி, யாரும் ஏறக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பாலத்துக் காவல்காரர் ஒரு வயதான சிங்களவர். தகரக் கொட்டகையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார்.

அந்த முதல் ஞாயிறு நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றேன். அந்தப் பக்கம் பசறை பஸ்ஸிலிருந்து அம்மா இறங்கினார். தலையில் பொலித்தீன் உறை, கையில் பொட்டலம். என்னைக் கண்டதும் ஏதோ கத்தினார். தண்ணீர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கத்தினேன். பிறகு இருவரும் கத்துவதை விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம். அம்மா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தார், நானும் உட்கார்ந்தேன். பொட்டலத்தைப் பிரித்து, தானே ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டு, எனக்கு ஊட்டுவது போலக் கையை நீட்டினார். நான் வாயைத் திறந்து மென்று காட்டினேன். திரும்பும் பஸ் வரும்வரை அப்படியே இருந்தோம்.

சில ஞாயிறுகள் இப்படிப் போயின. ஒரு மணிநேரப் பயணம் வந்து, ஆற்றைப் பார்த்துவிட்டுப் போவதற்கு அந்த உடம்போடு அம்மா வர வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் வந்தார்.

பிறகு ஒரு ஞாயிறு அவர் வரவில்லை. அந்தக் கரையில் பஸ் வந்தது, சனம் இறங்கியது, அம்மா இறங்கவில்லை. அடுத்த பஸ்ஸையும் பார்த்தேன். காவல்காரர் கொட்டகையிலிருந்து எழுந்து வந்து, "பாப்பா, அம்மா இன்னிக்கு வர இல்லை. நனைய வேணாம். வீட்டுக்குப் போங்க" என்றார்.

அத்தையிடம் சொன்னேன். அத்தை அடுப்பைப் பார்த்தபடியே, "இந்த மழையில எப்பிடி வருவா? வந்துருவா, வந்துருவா" என்றார். அந்த நாட்களில் அத்தை வேலை முடிந்து வந்ததும் வராததுமாகக் கஞ்சி காய்ச்சித் தூக்குச் சட்டியில் ஊற்றிக்கொண்டு மறுபடி வெளியே போவார். கேட்டால், "கூட வேல செய்ற புள்ளைக்கு ஒடம்பு சரியில்ல" என்பார். நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு என் மேல் கோபமோ, தம்பியோ தங்கச்சியோ வந்துவிட்டதால் இனி நான் வேண்டாமோ என்றெல்லாம் யோசிப்பேன். பள்ளிக்கூடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. என் பேச்சைக் கேட்டால் "தோட்டத்துப் புள்ள" என்று சிரிப்பவர்களிடம் எதைச் சொல்வது?

அடுத்த ஞாயிறு மழை விட்டிருந்தது. தண்ணீர் வடிந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். சனம் மறுபடி பலகையில் நடக்கத் தொடங்கியது. என்னைத் தனியே அதில் ஏறவிட மாட்டார்கள் என்பதால் அந்தக் கரையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொரு பஸ்ஸாக வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பொலித்தீன் உறையும் அம்மாவாகத் தெரிந்து, பிறகு வேறு யாரோவாக மாறியது.

அப்போது பின்னாலிருந்து ஒரு கை என் தலையில் விழுந்தது.

திரும்பினால் அம்மா. பக்கத்தில் அப்பா, கொஞ்சம் தள்ளி அத்தை. அம்மாவின் முகம் வெளிறிப்போய், உதடு வெடித்திருந்தது. வயிறு இல்லை. கையிலும் ஒன்றும் இல்லை.

"எங்கம்மா இருந்த?" என்றேன்.

"இங்கதாண்டி இருந்தேன். பெரியாஸ்பத்திரியில."

தோட்டத்தில் வலி எடுத்தவுடன் லொறியில் ஏற்றியிருக்கிறார்கள். பாலம் இல்லாததால் மலையைச் சுற்றி வந்த லொறி, வழியில் மண்சரிவில் மாட்டி, வந்து சேர வெகுநேரம் ஆகிவிட்டது. தம்பி பிறக்கும்போதே மூச்சு இல்லை. பிறகு அம்மாவுக்குக் காய்ச்சல். நான் ஆற்றின் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரமெல்லாம் அம்மா என் முதுகுக்குப் பின்னால், நடந்து போகிற தூரத்தில் படுத்திருந்திருக்கிறார்.

"சின்னப் புள்ளைக்கு எதுக்குன்னு நான்தான் சொல்லல" என்றார் அத்தை. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் அழவில்லை. "நானும் வீட்டுக்கு வரேன்" என்றேன்.

"பள்ளிக்கூடம் இருக்குல்ல" என்றார் அம்மா.

"எனக்கு வேணாம்."

"வேணும்டி" என்றார். குரல் சன்னமாகத்தான் வந்தது. அப்பா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொள்ள, இருவரும் தட்டுப்பாலத்தில் ஏறினார்கள். பாதியில் திரும்பிக் கையசைப்பார் என்று நின்றேன். அம்மா திரும்பவே இல்லை. அந்தக் கரையில் பஸ் ஏறும்போதும் திரும்பவில்லை.

அடுத்த வருடம் புதுப் பாலம் வந்தது. நான் படித்தேன், ஆசிரியையானேன், பண்டாரவளையில் குடியேறினேன். தம்பியைப் பற்றி வீட்டில் பேசுவதில்லை. தோட்டத்து மேட்டில், எங்கள் சனங்களைப் புதைக்கிற இடத்தில்தான் அவனும் இருப்பான் என்று நான் கேட்காமலே எண்ணியிருந்தேன்.

போன மாதம் அம்மாவைக் கண் கிளினிக்குக்காகப் பதுளைக்குக் கூட்டிப்போனேன். அப்பா போன பிறகு அம்மா லயத்தில் தனியாக இருக்கிறார், கூப்பிட்டாலும் வருவதில்லை. தோட்டத்தில் கொண்டுபோய் விடுவதற்காகப் பசறை பஸ் ஏறினோம். பஸ் பாலத்தின் மேல் நெரிசலில் நின்றுவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அம்மா திடீரென்று சொன்னார்:

"அன்னிக்கு நான் ஏன் திரும்பிப் பாக்கலன்னு நீ கேட்டதே இல்லியே."

"தோணலம்மா" என்றேன். பொய்தான்.

"திரும்பியிருந்தா போயிருக்க மாட்டேன். ரெண்டு புள்ளைங்களயும் இந்தக் கரையில விட்டுட்டுப் போனேன்டி."

எனக்கு விளங்கவில்லை. பிறகு அம்மா சொல்லச் சொல்ல விளங்கியது. பாலமும் இல்லாமல், மண்சரிவில் மலைச் சுற்றுவழியும் அடைபட்டு, அவனைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக வழியிருக்கவில்லை. அப்பாவும் அத்தையும் டவுன் சேமக்காலையில் புதைத்திருக்கிறார்கள். அன்றைக்கு அம்மா வார்டிலிருந்து நேரே அங்கே போய்விட்டுத்தான் என்னிடம் வந்திருக்கிறார். பாலம் திறந்த பிறகும் என்னைப் பார்க்க வரும் ஞாயிறுகளில் முதலில் அவனைப் பார்த்துவிட்டே வந்திருக்கிறார். நான் பள்ளிக்கூடம் முடித்த பிறகு டவுனுக்கு வர அவருக்குச் சாக்கு இருக்கவில்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினோம்.

அத்தை இருந்த சந்து இப்போது இல்லை; அந்த இடத்தில் டயர் கடை. பழைய பாலத்தின் ஒரு கல்தூண் மட்டும் தண்ணீருக்குள் பாசி பிடித்து நிற்கிறது. சேமக்காலையில் அம்மா தயங்காமல் மதில் ஓரத்துக்கு நடந்தார். மரச்சிலுவை எப்போதோ உளுத்துப்போயிருக்க வேண்டும். புல்தான் இருந்தது, முழங்கால் உயரத்துக்கு. பக்கத்துக் கல்லறைகளுக்கும் அவனுக்கும் நடுவே எல்லை எது என்று எனக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்தது.

"பேரு வச்சீங்களாம்மா?"

"அந்தோணின்னு நான் மட்டும் கூப்புடுவேன்."

மழை தூறத் தொடங்கியது. அம்மா பையிலிருந்து குடையை எடுத்து விரித்தார். நான் உள்ளே வருவதற்காக ஓரடி நெருங்கினேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. கையை நீட்டி, குடையை அந்தப் புல்லின் மேல் பிடித்துக்கொண்டு நின்றார்.