பேர் போடாத படக்காரர்

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. அதிலும் பாதி நாள் வகுப்புக்கு வெளியேதான் நின்றேன். ஆனால் என் கடையிலிருந்து போன பிரேம் ஒன்றுகூட இன்றுவரை மூலை பிரிந்து திரும்பி வந்ததில்லை. பெரிய பெரிய டாக்டர்கள், வக்கீல்கள் எல்லாம் தங்கள் பட்டத்தை என்னிடம்தான் கொண்டுவந்து கண்ணாடி போட்டுக்கொண்டு போகிறார்கள். உன் பட்டம் எங்கே என்று எவனும் என்னைக் கேட்டதில்லை.

என் கதையை எழுத ஆரம்பித்தால் அது பாட்டுக்குப் போகும். நான் எழுத வந்தது என் தங்கை புருஷனைப் பற்றி. அவரைப் பற்றி எழுத என்னைவிட்டால் ஆள் கிடையாது. அவரோ தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசச் சொன்னால் கேமராவைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்.

மாப்பிள்ளை போட்டோ எடுப்பவர். சின்ன வயதில் ஒரு ஸ்டுடியோவில் பின்னால் தொங்கும் திரையை மாற்றுகிற வேலையில் சேர்ந்து, முதலாளி அசந்த நேரமெல்லாம் கேமராவைத் தொட்டுத் தொட்டே தொழிலைப் பிடித்தவர். கல்யாணம், பள்ளிக்கூடக் குரூப் போட்டோ, கம்பெனி விழா என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார். எடுத்ததைக் கழுவி என் கடைக்குக் கொண்டுவருவார். நான் பிரேம் போடுவேன். அப்படி வந்து போன பழக்கத்தில்தான் என் தங்கையைக் கொடுத்தேன். ஆளைப் பார்த்துக் கொடுத்தேன், சொத்தைப் பார்த்து இல்லை. அந்தக் கணக்கு தப்பவில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே பழக்கம், எடுத்த படத்தில் பேர் போடமாட்டார். மற்ற படக்காரர்கள் எல்லாம் கீழ் மூலையில் தங்கள் பேரையும் போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் போடுவார்கள். இவரைப் போடச் சொல்லிச் சொல்லி என் வாய்தான் வலித்தது.

“முகத்துக்குச் சொந்தக்காரங்க பேரே அதுல இல்ல மச்சான். கேமரா தூக்கினவன் பேர் எதுக்கு?” என்பார்.

“நான் ஒவ்வொரு பிரேம்லயும் என் கடை ஸ்டிக்கர் ஒட்டுறேனே. அப்போ நான் பைத்தியக்காரனா?”

“நீங்க பின்னாடிதானே ஒட்டுறீங்க” என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

என் தங்கைக்கு அந்த நோய் வந்தபோது அவர்கள் மகள் வேலைக்குச் சேர்ந்து வேறு ஊரில் இருந்தாள். ஆஸ்பத்திரியில் நானும் மாப்பிள்ளையும் மாற்றி மாற்றி இருந்தோம். மருந்து ஏற ஏற அவளுக்கு முடியெல்லாம் கொட்டிவிட்டது. தலையில் ஒரு நீலத் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். அதற்காக அவள் மடியில் ஒரு பேசினைப் பிடித்துக்கொண்டு நான் நிற்பேன்.

ஒரு நாள் காலையில் அப்படி நிற்கும்போது எதிரே இருந்த ஜன்னலைப் பார்த்தேன். கோணல். எனக்கு அளவுகோல் வேண்டாம், கண் போதும். வந்த நர்ஸ் அம்மாவிடம், இந்த ஜன்னலை வைத்தவனை என்னிடம் ஒரு மாதம் வேலைக்கு அனுப்பியிருந்தால் இப்படி மானம் போயிருக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தம்மா ஊசி போடுவதை நிறுத்திவிட்டு என்னை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தார்.

“ஜன்னல் நேராத்தாங்க இருக்கு. ரொம்ப நேரமா ஒரு பக்கமாவே குனிஞ்சு நிக்கிறீங்க, நீங்கதான் கோணலாயிட்டீங்க.”

என் தங்கை சிரித்தாள். மாதக்கணக்கில் நாங்கள் கேட்காத சிரிப்பு. என்னை மாற்றிவிட அப்போதுதான் வந்திருந்த மாப்பிள்ளை கையில் கேமரா இருந்தது, எடுத்துவிட்டார். அந்தப் படத்தை அவர் எடுத்திருக்கலாம். சிரிப்பு நான் வரவழைத்தது. இப்போதும் சொல்கிறேன், அந்த ஜன்னல் கோணல்தான்.

எடுத்த படத்தைக் கேமராவின் பின்பக்கத்தில் அவளிடம் காட்டினார். வாங்கிப் பார்த்தாள். முகம் நன்றாக வந்திருந்தது. கூடவே மடியில் பேசின், அதில் இருந்தது, நைட்டி முன்பக்கத்துக் கறை, கையில் ஏறிய குழாய், பேசினைப் பிடித்திருந்த என் கை, எல்லாமே விழுந்திருந்தது.

“முகத்தை மட்டும் வெச்சுக்கோங்க. மத்ததெல்லாம் வெட்டிடுங்க. யார் கண்ணுலயும் படக்கூடாது” என்றாள். கேமராவைத் திருப்பிக் கொடுக்காமல் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் சரி என்று சொன்ன பிறகுதான் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு அவள் அதிக நாள் இல்லை.

வருஷம் ஒன்று ஆன அன்று, தூரத்தில் இருந்த சொந்தக்காரர்கள் கேட்டார்கள் என்று அந்த முகத்தை மட்டும் இணையத்தில் தன் பக்கத்தில் போட்டார் மாப்பிள்ளை. வழக்கம்போலப் பேர் இல்லை. விவரம் தெரிந்த படக்காரர்கள் இணையத்தில் போடும்போது படத்தைச் சின்னதாக்கி, தரத்தைக் குறைத்துத்தான் போடுவார்கள். எவனாவது அதைத் திருடி அச்சடித்தாலும் கலங்கலாகத்தான் வரும். மாப்பிள்ளைக்கும் அது தெரியும், ஊராருடைய படத்துக்கெல்லாம் அப்படித்தான் செய்வார். பெண்டாட்டி முகத்தை மங்கலாக்க அவருக்குக் கை வரவில்லை. முழுத் தெளிவோடு போட்டுவிட்டார்.

இனி நடந்ததைச் சொல்ல, என் கடை விஷயம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் கையால் செய்வது போக, ரெடிமேட் பிரேமும் வாங்கி விற்கிறேன். அதில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு மாதிரிப் படம் வைத்து வரும். சிரிக்கிற குழந்தை, கை கோத்த ஜோடி, பூ, இப்படி ஏதாவது. வாங்குகிறவர்கள் அதை உருவிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுத் தங்கள் படத்தை வைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் தொட்டியைக் கவிழ்த்தால் ஒரே சிரிப்பாக இருக்கும். அது யார் எவர் என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்றைக்கு ஒரு புதுப் பெட்டியைப் பிரித்தேன். மேலே இருந்த பிரேமில் என் தங்கை.

மாப்பிள்ளைதான் நமக்குத் தெரியாமல் ஏதோ செய்து அனுப்பியிருக்கிறார் என்று முதலில் நினைத்தேன். அதை எடுத்தால் அடியிலும் அவள். அதற்கு அடியிலும் அவள். நீலத் துண்டை ரோஸ் நிறமாக்கிப் பூப் போட்டிருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சுவரை எடுத்துவிட்டு ஒரு தோட்டத்தை வைத்திருந்தார்கள். பேர் போடக்கூடாது என்று மாப்பிள்ளை விட்டுவைத்த மூலையில் பிரேமின் நீள அகலம் அச்சாகியிருந்தது. இதே பிரேமில் வேறு பெட்டி ஏதாவது பிரித்தோமா என்று கடையில் வேலை செய்யும் பெண்ணைக் கேட்டேன். காலையில் ஒரு பெட்டி பிரித்துப் பாதி விற்றாயிற்று என்றாள். தொட்டியில் கையை விட்டேன். இருந்தாள், கசங்கி, டீக்கறையோடு.

மாப்பிள்ளையை வரச்சொல்லிக் காட்டினேன். அழுவார் என்று நினைத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தோட்டத்துல வெயில் வலப்பக்கம் இருந்து அடிக்குது. இவ முகத்துல வெளிச்சம் இடப்பக்கம்” என்றார். அவ்வளவுதான். தொட்டியிலிருந்து எடுத்ததைத் தொடையில் வைத்து நீவிக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. எவன் எனக்குத் தப்பு செய்தாலும் நேராக அவன் வாசலில் போய் நிற்பேன். நின்றால் காரியம் முடியாமல் திரும்பமாட்டேன். இந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடப்பது அப்படித்தான். பிரேம் அனுப்பும் கம்பெனிக் கிடங்குக்குப் போனேன். அங்கே இருந்தவர் தங்கமான மனிதர். என்னை உட்காரவைத்து, விஷயத்தைக் கேட்டு, ஐயோ என்றார். படத்தைத் தாங்கள் எடுக்கவில்லை, அச்சகத்தார் கொடுத்தது என்றார். அச்சகத்துக்குப் போனேன். அவர்களும் தங்கமானவர்கள். இணையத்தில் படம் விற்கும் இடம் ஒன்றில் முறையாகப் பணம் கட்டி வாங்கியதாகச் சொல்லி ரசீதைக் காட்டினார்கள். அங்கே விற்றவன் ஒரு புனைபேரில் இருந்தான். வாசல் இல்லை, கதவு இல்லை. வாழ்க்கையில் முதல் தடவையாகப் போய் நிற்க இடமில்லாமல் திரும்பி வந்தேன்.

தங்கை மகள் லீவு போட்டு ஓடி வந்தாள். கம்ப்யூட்டரில் தேடினாள். அவன் கடையில் ஆயிரம் முகம் தொங்கியது. என் தங்கைக்குக் கீழே ‘தோட்டத்தில் மகிழ்ச்சியான பெண்’ என்று எழுதியிருந்தது. இன்னும் தேடினால் ஒரு பல்பொடி விளம்பரத்தில் இருந்தாள். ஒரு மூலிகைச் சூரணக்காரன், இதைச் சாப்பிட்டுத் தீராத நோய் தீர்ந்தவர் என்று அவளைப் போட்டிருந்தான். அதைப் பார்த்ததும் மகள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

படம் விற்கும் இடத்துக்கு அவளே புகார் எழுதினாள். பதில் வந்தது. விற்பவரும் படம் தன்னுடையது என்கிறார். எடுத்தவர் நீங்கள்தான் என்றால், கேமராவிலிருந்து வந்தபடியே, வெட்டாத முழுப் படத்தை அனுப்புங்கள். அதன் நகல் பதில் சொல்வதற்காக எதிர்த்தரப்புக்கும் போகும். இதுதான் அதன் சாரம். பேர் போட்டிருந்தால் அது ஒன்றே போதுமா என்று கேட்டேன். ஓரளவுக்குப் போதும் மாமா என்றாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

முழுப் படம் அவரிடம் இருந்தது. வெட்டினாரே தவிர அழிக்கவில்லை. அவர் வீட்டு முன் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்து பேசினோம். நான் அனுப்பச் சொன்னேன். என் கட்டைவிரலில் கண்ணாடி வெட்டிய தழும்பு இருக்கிறது, படத்திலும் இருக்கிறது, இதைவிடச் சாட்சி எந்தக் கோர்ட்டில் கிடைக்கும் என்றேன். என் கை தெரிகிற இடத்தை மட்டும் வெட்டி அனுப்பினால் என்ன என்றும் கேட்டேன். வெட்டியது எதையும் ஏற்கமாட்டார்கள் என்றாள் மகள்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். “அனுப்பினா அவன்கிட்டயும் போகும்.”

“அப்பா, தெரியாத மாதிரி பேசாதீங்க. அம்மா படம் தினமும் குப்பைத்தொட்டிக்குப் போகுது. அது உங்களுக்குப் பரவாயில்லையா?”

“அவன் சிரிப்பைத்தாம்மா எடுத்துட்டுப் போயிருக்கான். மறைக்கச் சொன்னது இன்னும் என்கிட்ட இருக்கு. அதையும் நானே கொண்டுபோய்க் கொடுக்கவா? நாளைக்கு அதையும் விற்பான். நோயாளின்னு பேர் வெச்சு.”

“அப்போ யாருக்குமே காட்டக்கூடாதுன்னா எதுக்கு வெச்சிருக்கீங்க? அன்னைக்கே அழிச்சிருக்கலாமே.”

“நான் பார்க்கிறதுக்கும்மா” என்றார்.

மகள் கம்ப்யூட்டரை மூடி வைத்தாள். படம் விற்கும் இடத்தார் கொடுத்த தவணை, நாங்கள் எதையும் அனுப்பாமலே போய்விட்டது. புகாரை முடித்துவிட்டதாக ஒரு கடிதம் வந்தது. படம் இன்றும் விலைக்கு இருக்கிறது.

அதற்குப் பிறகு மாப்பிள்ளை விழாக்களுக்குப் போவதை விட்டுவிட்டார். வீட்டோரம் ஒரு சின்ன அறையில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ மட்டும் எடுக்கிறார். அதில் யாரும் சிரிக்கக்கூடாது என்பது சட்டம். கிடங்குக்காரரிடம் அந்த மாதிரிப் படம் வைத்த பிரேம் எவ்வளவு வந்தாலும் எனக்கே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நான் வாங்காவிட்டால் வேறு கடைக்குத்தானே போகும்? பெட்டி வந்தால் மாப்பிள்ளை வந்துவிடுவார். கடைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பிரேமாகக் கொக்கியைத் திருப்பி, படத்தை உருவி அடுக்குவார். வெறும் பிரேமைத்தான் நான் விற்பனைக்கு வைக்கிறேன். ஆனாலும் எல்லாம் என்னிடமே வந்துவிடுமா என்ன?

போன வாரம் வயதான அம்மா ஒருவர் கண்ணாடி உடைந்த பிரேம் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். வேறெங்கோ வாங்கியது. உள்ளே மாதிரிப் படமாக என் தங்கை அப்படியே இருந்தாள்.

“உங்க படம் எதுவும் வைக்கலையாம்மா?” என்று கேட்டேன்.

“வைக்கிறதுக்கு எனக்கு யாருமில்லைங்க. வாங்கினப்ப இந்தப் பொண்ணு இருந்துச்சு. முகத்தைப் பார்த்தா மனசுக்கு நல்லா இருக்கு. அப்படியே மாட்டிட்டேன்.”

குரல் கேட்டு மாப்பிள்ளை பின்னாலிருந்து வந்தார். பிரேமை என் கையிலிருந்து வாங்கினார். உடைந்த சில்லுகளை எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி வைத்து, துணியால் மூலை மூலையாகத் துடைத்தார். அவர் துடைத்த விதத்தைப் பார்த்தோ என்னவோ, அந்தம்மா கேட்டார்.

“தெரிஞ்சவங்களா?”

“இல்லம்மா” என்றார் மாப்பிள்ளை. காகிதம் சுற்றிக் கையில் கொடுத்தார். “வெயில் படாத இடமாப் பார்த்து மாட்டுங்க. மலிவு அச்சு, வெளுத்துடும்.”

அந்தம்மா போன பிறகுதான் ஞாபகம் வந்தது, பின்பக்கம் என் ஸ்டிக்கரை ஒட்ட மறந்துவிட்டேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒன்று போனது அதுதான் முதல். மாப்பிள்ளை பின்னால் போய் உட்கார்ந்து அடுத்த பெட்டியை இழுத்தார்.