பச்சை ஆட்டைப் பார்த்து யார் அழுவார்?

போன ஞாயிறு எங்கள் புலம்பெயர் தமிழ்ச் சங்கத்தின் அவசரக் கூட்டம். செயின்ட்-மிஷேலில் ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில். வெளியே மைனஸ் இருபது. அந்தக் குளிரிலும் அப்படி என்ன அவசரம்? வவுனியாவில் இருந்து வந்த படங்களில் போர் இல்லை!

விஷயம் இதுதான். என்னோடு படித்த வசந்தி அங்கே இடம்பெயர்ந்தோர் முகாம் ஒன்றில் பிள்ளைகளின் மனதைத் தேற்றும் உளவளத்துணை வேலை செய்கிறாள். குண்டுவீச்சுக்குள் இருந்து ஓடி வந்த பிள்ளைகள். பேச மறுக்கிறவர்களிடம் கலர் பென்சிலைக் கொடுத்துப் படம் வரைய வைப்பாள். அந்தப் படங்களை இங்கே கண்காட்சியாக வைத்து, வெள்ளைக்காரரின் மனதை உருக்கிவிடுவது எங்கள் திட்டம். கேட்டோம், அனுப்பிவிட்டாள். பார்சலைப் பிரித்தால்... பட்டம். கிணறு. கிரிக்கெட். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி வரைந்த ஆடு — அதுவும் பச்சை ஆடு.

தலைவரின் முகம் தொங்கிவிட்டது. கண்காட்சிக்கு எம்.பி. ஒருவர் வருகிறார், பிரெஞ்சு டி.வி.க்கும் சொல்லியாகிவிட்டது.

“உந்த ஆட்டைப் பாத்து ஆர் அழுவினம்?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதானே? ஆட்டுக்கு மேலே நாங்களே ஒரு விமானத்தைப் போட்டுவிடலாம் என்றார் பொருளாளர். அது மோசடி என்று தலைவர் கண்டித்தார். நேர்மையான மனிதர்! பிள்ளைகளையே திரும்ப வரையச் சொல்வது என்று முடிவானது. வசந்தியோடு கதைக்கும் பொறுப்பு என் தலையில்.

நானும் வெட்கமில்லாமல் போன் எடுத்தேன். படங்கள் கொஞ்சம் யதார்த்தமாக இருந்தால் நல்லது என்று பூசி மெழுகினேன். விமானம், பங்கர், அப்படி ஏதாவது...

வசந்தி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தப்பியிருப்பேன்.

“அந்த ஆடு கீறின பிள்ளை, வந்த நாளிலை இருந்து விமானம்தான் கீறினவள். கறுப்புப் பென்சிலாலை, பேப்பர் கிழியுமட்டும். அவளைப் பச்சைப் பென்சிலைத் தொட வைக்க எனக்கு எட்டு மாசம் எடுத்தது. நாளைக்குப் போய், கறுப்பைத் திரும்ப எடு எண்டு சொல்லட்டோ?”

வேண்டாம், வேண்டாம் என்றேன். எட்டு மாதம் பாடுபட்டு அவள் தேற்றி எடுத்த பிள்ளையை, ஒரு கண்காட்சிக்காகத் திரும்பக் குண்டுக்குக் கீழே நிறுத்தப் பார்த்தோமே...

புதன்கிழமை கமிட்டியில் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைவர் மட்டும் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“அப்ப தம்பி... முந்திக் கீறின அந்த விமானப் படங்கள் அவவிட்டை இருக்குமோ?”

இல்லை, எல்லாவற்றையும் எரித்துவிட்டாள் என்றேன். வசந்தியிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.